எண்ணெய் ஏறுவதற்கு முன்

1.9.2008, திங்கள்

உறுதியான தகவல்: செல்வராசுவின் ஜெனரேட்டர், மெக்கானிக் வருவதற்கு முன்பே, நேற்று காலை பூஜையின்போது ஒருமுறை ஓட்டப்பட்டிருக்கிறது. ஆதாரம்: என் மாமியார். இன்று காலை என் வீட்டுச் சமையலறையில், முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னது. மறைத்துச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னார்.

வெயில். காற்று அடியோடு நின்றுவிட்டது. காலையில் மின்வெட்டு, பகலில் மறுபடி. எனக்கு வார விடுமுறை. செருப்பு வார் தைக்கக் கொடுக்க வேண்டும்.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். ஆத்திரத்தில் கலங்கிவிடக் கூடாது.

செல்வராசு என் மனைவி சரசுவின் தம்பி. பெருமாநல்லூர் ரோட்டில் நிட்டிங் கூடம். பிறர் கொடுக்கிற நூலைத் துணியாக ஓட்டித் தரும் ஜாப் ஒர்க். கரண்ட் இல்லாத நேரத்தில் ஜெனரேட்டர்தான் சோறு போடுகிறது. அதன் டீசல் இன்ஜின் புகை தள்ளி, சத்தம் போட்டு, கடைசியில் முழுதாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. கிராங்க்கை லேத்தில் கடைய வைத்து, பிஸ்டன், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டுக் கட்டியவர் சவரிமுத்து. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், குடும்பத்தோடு இங்கே வந்து பட்டறை வைத்திருக்கிறார். வாய் கொஞ்சம் நீளம். சொன்ன நாளில் ஒருநாளும் தந்ததில்லை. ஆனால் வேலை சுத்தம்.

புதிதாகக் கட்டிய இன்ஜின் உள்ளே காய்ந்து கிடக்கும். எண்ணெய் எல்லா வழிக்கும் ஏறுமுன் ஓடினால் இரும்பை இரும்பு தின்னும். அதற்கு ஒரு முறை உண்டு. டீசலை அடைக்கிற லீவரை நிறுத்தும் பக்கமாக இழுத்துத் துணியால் கட்டிவிடுவது. பிறகு சாவியைத் திருப்பினால் இன்ஜின் சும்மா சுற்றும், பற்றாது. விட்டுவிட்டுச் சுற்றச் சுற்ற எண்ணெய் ஏறி, ஆயில் மீட்டரில் முள் எழும். எழுந்த பிறகே துணியை அவிழ்க்கலாம்.

சனி சாயங்காலம் சவரிமுத்து எண்ணெய் ஊற்றி, லீவரைக் கட்டிவிட்டுப் புறப்பட்டார். பூஜை போட்டுக்கொள்ளுங்கள், சாவியைத் தொடாதீர்கள், சர்ச் முடிந்து வந்து நான் எண்ணெய் ஏற்றி ஓட்டித் தருகிறேன் என்றார். நான் அங்கே இருந்தேன். என் காதால் கேட்டது.

ஞாயிறு காலை நல்ல நேரம் ஏழே முக்காலிலிருந்து. இன்ஜினுக்குச் சந்தனம், குங்குமம். லீவரில் கட்டியிருந்தது கறுத்துப்போன பனியன் வேஸ்ட் துணி.

"பொட்டு வெக்கற எடத்துல கந்தைங்களா மாப்பிள்ளை? நாந்தான் அவுத்துப் போட்டுத் தொடச்சு உட்டேன்" என்றார் அத்தை.

தேங்காய் உடைத்ததும் செல்வராசு சாவியைத் திருப்பியிருக்கிறான். துணி இல்லாத லீவர். பற்றிக்கொண்டது. ஆரத்தி முடியும்வரை ஓடவிட்டு அணைத்திருக்கிறார்கள்.

"என்னமா ஓடுச்சுங்க! அந்த மெக்கானிக்கு வந்து கை வெச்சதுக்கப்பறந்தான் கெட்டுது."

அத்தை இதை நம்புகிறார். அதுதான் கொடுமை.

சவரிமுத்து வந்தபோது நானும் போயிருந்தேன். துணி இல்லாததைப் பார்த்ததும் ஓட்டினீர்களா என்று கேட்டார். "தொடச்சமுங்க, அவ்வளவுதான்" என்றான் செல்வராசு. என் முன்னால் சொன்னது. அவர் வேறு துணி கட்டி, முறையாகச் சுற்றி, முள் எழுந்த பிறகு ஓட்டினார். சற்று நேரத்தில் உள்ளே சம்மட்டி விழுகிற சத்தம். பிறகு ஒரு கிரீச். நின்றது. கம்பி போட்டு நெம்பியும் அசையவில்லை.

தொழிலாளர் அத்தனை பேர் முன்னாலும் செல்வராசு அவரைப் பேசிய பேச்சு இங்கே எழுதத் தகாது. அவர் கீழே படுத்து எண்ணெயை வடித்து, விரலில் தேய்த்துப் பார்த்தார். வெள்ளித்தூள் போல மினுமினுப்பு. எழுந்து என்னிடம் காட்டினார். உலோகம் தேய்ந்த தூள் அது, ஏன் தேய்ந்தது என்றுதான் புரியவில்லை. நேற்று தெரியாதது இன்று தெரியும்.

2.9.2008, செவ்வாய்

புழுக்கம். லேசாகத் தூறி, மண்ணைக் கிளறிவிட்டதோடு சரி.

நான் செய்தி பார்க்கிற எங்கள் பேப்பர். உள்ளூர்ப் பக்கம், கீழ்மூலை. தலைப்பு: போலி மெக்கானிக்கால் ஜெனரேட்டர் நாசம். கீழே ஆறு வரி. தூத்துக்குடியைச் சேர்ந்தவர், பெருமாநல்லூர் அருகே பட்டறை, பெயர் சவரிமுத்து. "முறையான பயிற்சி இல்லாதவர்." "இன்ஜின் பழுதானதும் அங்கிருந்து நழுவினார்."

நழுவினாராம். மனிதர் தரையில் மல்லாந்து கிடந்தார். சட்டை முழுக்க எண்ணெய். இரவு விளக்கு வைக்கும்வரை போகவில்லை.

நேற்று நான் விடுமுறை என்பதால் பக்கம் பார்த்தவன் பாலு. போன் போட்டேன்.

"ஓனரே கூப்புட்டுச் சொன்னாருங் சார்."

அந்தப் பக்கத்து ஆளைக் கேட்டாயா?

"இல்லீங் சார். உங்க மச்சினன்னு சொன்னாரு. அதுக்கு மேல என்னத்த விசாரிக்கறதுன்னு..."

ஆக, இந்தச் செய்திக்கு ஆதாரம் நான். இத்தனை வருஷம் ஒரு பெயர் எடுத்து வைத்ததற்குக் கிடைத்த பயன், அந்தப் பெயரைச் சொல்லி ஒரு பொய்யை அச்சில் ஏற்ற முடிகிறது. பட்டறைப் பலகையில் போன் நம்பர் ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கிறது. ஒரு போன். எடுத்திருந்தால் எத்தனை நேரமாகியிருக்கும்?

பாலுவைத் திட்டி முடித்துப் பார்த்தால், ஆறு வரியில் அவரைப் பற்றிச் சரியாக இருப்பது பேரும் ஊரும் மட்டும்தான்.

சரசு கேட்டாள், ஏன் சாப்பிடவில்லை என்று.

3.9.2008, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. ஆபீஸ் போகுமுன் சவரிமுத்து பட்டறைக்கு.

ஷட்டரில் அந்தச் செய்தியை வெட்டி, மைதாப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். யாரென்று தெரியவில்லை. நாலு மூலையும் நன்றாகப் படிய ஒட்டியிருக்கிறது. சிரத்தையான வேலை.

கிழித்துப் போடுங்கள் என்றேன்.

"கிழிச்சா பயந்துட்டாம்பாங்க. கெடக்கட்டும் சார்."

வாசலில் வேலைக்கு நின்ற இரண்டு இன்ஜின்களைக் காணோம். சொந்தக்காரர்கள் டெம்போ கொண்டுவந்து நேற்றே ஏற்றிப்போய்விட்டார்களாம். ஒருவர் முகத்தைக்கூடக் காட்டவில்லை, டிரைவரை மட்டும் அனுப்பினார்.

அத்தை சொன்னதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. எண்ணெயில் மினுமினுப்பைப் பார்த்தபோதே தெரியுமாம். சாட்சி இல்லாமல் சொன்னால் யார் கேட்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டாராம்.

"பேட்டரி வயர உருவிட்டுப் போயிருக்கணும். அது என் தப்பு. பூசைக்கு மீட்டர்ல லைட் எரியணும்னு கேட்டாங்க, உட்டுட்டேன். எங்கூர்ல லீவர்ல துணி கெட்டியிருந்தா எவனும் கை வைக்க மாட்டான் சார். இங்க துணின்னா குப்பைல்லா."

திருப்பூரில் துணி என்றால் குப்பை. நியாயம்தான். தெருவெல்லாம் அதுதான் கிடக்கிறது.

டீ வரவழைத்தார். குடிக்கும்போது கேட்டார்: "பேப்பர்ல போட்டது நீங்கதான சார்?"

இல்லை என்றேன்.

"உங்க பேப்பர்தான?"

ஆமாம் என்றேன். மிச்ச டீயை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

5.9.2008, வெள்ளி

காலையிலிருந்து கரண்ட் விளையாட்டு. முழங்கால் வலி, தைலம் தீர்ந்துவிட்டது.

செல்வராசுவிடம் போனேன். மெஷின்கள் நிற்கின்றன. வடநாட்டுப் பையன்கள் நூல் பெட்டிமேல் உட்கார்ந்து செல்போனில் இந்திப் பாட்டு. அவன் முகம் வாடித்தான் இருந்தது. அதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். தாழ்த்தியிருக்க வேண்டாம்.

காலையில் ஓட்டியதை மறுக்கவில்லை. எதற்காக மறைத்தாய் என்றால், அது ஒரு விஷயமா என்கிறான்.

"ஏனுங் மச்சான், ஆரத்தி காட்டற நேரம் ஓடுனதுல இன்ஜின் போயிருமுங்களா? அவங் கட்டுனது சரியா இருந்தா தாங்கியிருக்கோணுமில்ல?"

பிறகு: "பூஜையன்னிக்கு நிக்காம சர்ச்சுக்குப் போனவன உட்டுப்போட்டு என்னையக் கேக்கறீங்க."

அவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார் என்று தெரிந்துதானே ஞாயிறு குறித்தாய் என்றேன். கோயமுத்தூரிலிருந்து வேறு மெக்கானிக் வரப்போகிறார் என்றான்.

சுவரில் நாள்காட்டி, ஞாயிற்றுக்கிழமைத் தாள் இன்னும் கிழிக்கப்படாமல். கிட்டப் போய்ப் படித்தேன். நல்ல நேரம் 7.45–8.45. அதற்குக் கீழேயே, அதே தாளில், கௌரி நல்ல நேரம் 10.45–11.45. சவரிமுத்து வந்து நின்ற அதே நேரம்! அன்று பிரதமை, எங்கள் பேச்சில் பாட்டிமை. பாட்டிமையில் எதுவும் தொடங்கக் கூடாதே என்று ஒரு பேச்சு வந்ததாம், ஆவணி போனால் புரட்டாசி, அப்புறம் புதிதாக எதுவும் ஓட்ட முடியாது என்று அதைத் தள்ளிவிட்டார்களாம். திதியைத் தள்ள முடிந்தவர்களால் மணியைத் தள்ள முடியவில்லை.

இதைச் சொன்னதும் அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

வீட்டில் சரசு. தம்பி போன் செய்து அழுதானாம். திருத்தம் போடப் போகிறேன் என்று சொன்னேன். யார் சொன்னதாக என்று கேட்டாள். உன் அம்மா சொன்னதாக என்றேன்.

"எங்கம்மா பேரப் பேப்பர்ல போட்டுப்போட்டு நான் அந்த ஊட்டு வாசப்படி எப்படிங்க மிதிக்கறது?"

 

8.9.2008, திங்கள்

மேகம். மழை இல்லை. வெள்ளகோவில் கல்யாணத்துக்குப் போகவில்லை, மொய் மட்டும் அனுப்பினேன்.

கோவை அலுவலகச் செய்தி டெஸ்க்கில் பேசினேன். திருத்தம் போடலாம், ஆனால் பெயர் சொல்லக்கூடிய ஆதாரம் வேண்டும் என்றார்கள். சொன்னவர் யார்? குடும்ப வட்டாரம் என்று போட்டுக்கொள்ளலாமே என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு. "சார், வட்டாரம்னு எழுதுனா நீங்கதான எங்க காப்பியக் கிழிச்சுப் போடுவீங்க?"

உண்மை. கிழித்திருக்கிறேன். சொல்ல ஆள் இல்லாத இடத்தில் எழுதுகிற சொல் வட்டாரம் என்று பையன்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கத் தோன்றியது, கேட்கவும் செய்தேன். முதல் செய்தி போடும்போது இந்த ஆதாரம் எங்கே போயிற்று? ஒருவனைப் போலி என்று சொல்ல ஒரு போன் போதும். இல்லை என்று சொல்ல மட்டும் கையெழுத்து, சாட்சி, ஊர் பேர் எல்லாம் வேண்டுமா?

மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

9.9.2008, செவ்வாய்

இன்று கனி பாயின் லேத் பட்டறையில் இன்ஜினைத் திறந்தார்கள். கோயமுத்தூர் ஆள் தேதி சொல்லாமல் இழுத்ததால் கிராங்க்கை மட்டுமாவது பார்த்துவிடலாம் என்று செல்வராசு அனுப்பியிருந்தான். கிராங்க் கடைந்து கொடுத்தவர் பாய்தான். தன் வேலைமேல் பழி வருமோ என்று அவருக்கும் உள்ளுக்குள் ஒரு குடைச்சல்.

அத்தை வந்திருந்தார். நான் கூப்பிடவில்லை. பிரதமைப் பேச்சு அவர் மனத்தில் முள்ளாகக் கிடந்திருக்கிறது. பூஜையில் ஏதாவது குறை ஆகிவிட்டதா என்று பார்க்க வேண்டுமாம். இன்ஜினைத் திறந்தால் பூஜையில் குறை தெரியுமா என்று நான் கேட்கவில்லை. நல்லவேளை.

பேரிங் மெட்டல்களைத் துடைத்துப் பலகைமேல் வரிசையாக வைத்தார் பாய். மேலே இருக்க வேண்டிய வெள்ளைப் பூச்சு இழுபட்டு, கீழே செம்பு தெரிந்தது. ஒன்று கிராங்க்கோடு ஒட்டிப் பிய்ந்து வந்தது. தூசி சேர்ந்து தேய்ந்தால் கீறல் விழும், இது கீறல் இல்லை, காய ஓடியிருக்கிறது என்றார்.

காய என்றால் என்னவென்று அத்தை கேட்டார். எண்ணெய் வந்து சேருமுன் ஓடுவது என்று பாய் சொன்னார்.



"கெணத்து மோட்டாருக்குத் தண்ணி ஊத்தாம சுச்சுப் போட்ட மாதிரிங்களா?"

"அதேதாம்மா."

தோட்டத்து மோட்டாரில் தண்ணீர் ஊற்றி நிரப்பாமல் சுவிட்ச் போட்டதற்காக, பண்ணையத்து ஆளை அத்தை ஊரே கேட்கப் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். அவருக்கும் அது நினைவு வந்திருக்க வேண்டும். ஒரு மெட்டலை எடுத்துச் செம்பு தெரிகிற இடத்தில் விரலால் தடவினார்.

"அப்ப அந்தக் கந்தை?"

விரலில் ஒட்டிய கறுப்பைச் சேலைத் தலைப்பிலேயே துடைத்தார். சேலையில் ஒரு சொட்டுக் குழம்பு பட்டால் அன்று முழுக்கப் புலம்புகிறவர்.

பஸ் ஏறும்போது ஒன்றே ஒன்று கேட்டார். அந்த மெக்கானிக்குக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று. இரண்டு பெண்கள் என்றேன்.

11.9.2008, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, பெருமாநல்லூர் பேக்கரிக்குக் கூட்டிப் போங்க மாப்பிள்ளை என்றார். ஜாப் ஒர்க் கூடக்காரர்கள் டீ குடிக்கக் கூடுகிற பேக்கரி. வாசலில் எப்போதும் பத்து வண்டி நிற்கும். பெண்கள் உள்ளே போய்ப் பப்ஸ் வாங்குவார்கள். நின்று பேச மாட்டார்கள். சரசு தடுத்துப் பார்த்தாள். அம்மா காதில் வாங்கவில்லை. என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

போனதும், டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அங்கே நின்றவர்களைப் பார்த்து, சந்தைக்கு வந்தவர் விலை கேட்கிற குரலில்:

"கண்ணுகளா, எல்லாரும் இருக்கறீங்களா? எம்பையன் இன்ஜின் கெட்டதுக்கு அந்தத் தூத்துக்குடிக்காரரு காரணமில்லீங்க. அவரு தொடாதீங்கன்னு கட்டிப்போட்டுத்தான் போனாரு. அவுத்தது நானு. ஓட்டுனது எம்பையன். கேட்டப்ப இல்லைன்னதும் அவந்தான்."

பிறகு ஒருவர், டெம்போ அனுப்பி இன்ஜினைத் தூக்கிப்போனவர்களில் ஒருவர்தான், மெதுவாக இழுத்தார்:

"ஏனுங்காத்தா, பேப்பர்ல வேற மாதிரியில்ல போட்டிருக்குது?"

"பேப்பர்காரரு இங்கதான நிக்கறாரு. அவரையே கேளுங்க."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எல்லாத் தலையும் என் பக்கம். முப்பது வருஷமாக மற்றவர்களை இப்படி நிற்கவைத்துக் கேட்டிருக்கிறேன். செய்தி தவறு, எங்கள் தவறு என்றேன். அதைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. எங்கள் பேப்பருக்குப் பத்து நாள் போதவில்லை.

திரும்பும் வழியில் பெயர் போடலாமா என்று கேட்டேன்.

"நாஞ் செஞ்சத நாஞ் சொல்றதுக்கு ஆரைக் கேக்கோணும்? போடுங்க."

வீட்டுக்கு வந்ததும் நாலு வரி எழுதினேன். நிட்டிங் கூட உரிமையாளரின் தாயார் ராமாத்தாள் நம்மிடம் கூறியதாவது. ஃபேக்ஸ் போய்விட்டது. சரசு படித்துப் பார்த்தாள். தோசை வார்த்தாள்.

12.9.2008, வெள்ளி

மழை. கடைசியாக ஒருவழியாக மழை.

செல்வராசு என்னோடு பேசுவதில்லை. ஆனால் சூப்பர்வைசரைச் சவரிமுத்து பட்டறைக்கு அனுப்பியிருக்கிறான். மன்னிப்புக்கு இல்லை. கோயமுத்தூர் ஆள் கைவிரித்துவிட்டார், செவ்வாயோடு ஆவணி முடிகிறது, அதனால். அம்மா ஊர் நடுவே சொன்னதற்கு அசையாதவன் நாள்காட்டிக்கு அசைகிறான்.

நான் சவரிமுத்துவாக இருந்தால் போகமாட்டேன். அவர் போனார். ஏன் என்று கேட்டேன்.

"நான் கெட்டுன இன்ஜின் ஓடாம கெடந்தா, பேப்பர்ல போட்டது நெசம்னு ஆயிரும்லா."

பாய் கிராங்க்கை மறுபடி கடைந்து தந்துவிட்டார். புது மெட்டல் வந்துவிட்டது. இன்றும் நாளையும் கட்டுகிறார்கள். இந்த முறை சவரிமுத்து பேட்டரியையே கழற்றிப் பட்டறைக்குத் தூக்கிப்போய்விட்டாராம். மீட்டரில் லைட் எரியாது. எரியாவிட்டால் போகிறது என்று அத்தையே சொல்லிவிட்டார்.

டெம்போவில் போன இரண்டு இன்ஜினில் ஒன்று திரும்பி வந்திருக்கிறது. மற்றது வரவில்லை.

13.9.2008, சனி

விடிந்ததும் பேப்பரைப் பிரித்தேன். திருத்தம் இல்லை. அந்த மூலையில் நகைக்கடை விளம்பரம்.

டெஸ்க்: இடம் இல்லை சார், திங்கள் பார்க்கலாம். ஆறு வரிப் பொய் சொன்ன மறுநாளே அச்சாகிவிட்டது. நாலு வரி உண்மைக்கு நகைக்கடை வழிவிட வேண்டும். பதினைந்து நிமிடம் கத்தினேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சவரிமுத்து கேட்டார், எப்போது வரும் என்று. ஷட்டரில் ஒட்டியிருப்பதன்மேலேயே அதை ஒட்ட வேண்டுமாம், அதே அளவு இருக்குமா சார் என்றார். அளவு குறைவாகத்தான் இருக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை.

நிலுவை:

திருத்தம்: திங்கள் என்கிறார்கள். உறுதி இல்லை. வராவிட்டால் நானே கோவைக்குப் போவதாக இருக்கிறேன்.

எண்ணெய் ஏற்றுவது: நாளை, சர்ச் முடிந்த பிறகு, பத்தே முக்காலுக்கு மேல். ஆதாரம்: அத்தை. லீவரில் கட்ட வெள்ளைப் பனியன் துணி ஒன்றைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார். முள் எழும்வரை யாரும் தொடக் கூடாதாம். பொட்டை அந்தத் துணிமேலேயே வைத்துக்கொள்வாராம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. இன்னும் காயவில்லை.